செயலாளர் ஐயாவுக்குத் தத்துவம் இல்லை

நீதவானாக எனக்கு நியமனம் கிடைத்த செய்தி ஊருக்குள் பரவியதும் பலரும் கேட்ட முதல் கேள்வி, “ஆரைப் பிடிச்சனி பிள்ளை?” என்பதுதான். கேட்டவர்கள் பகிடிக்குக் கேட்கவில்லை. பொறாமையிலும் கேட்கவில்லை. அரசாங்க உத்தியோகம் என்றால் நடுவில் ஒரு ஆள் இருந்தே தீர வேண்டும் என்பது அவர்களுக்கு மழைக்கு முகில் வேண்டும் என்பதைப் போன்ற ஒரு சங்கதி. அம்மா மட்டும் கோபித்துக்கொண்டு, “என்ரை பிள்ளை புத்தகத்தைத்தான் பிடிச்சது” என்று சொல்லித் திரிந்தார். நியமனக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அதை வாசிக்க வராது.

போவதற்கு முன், இந்த வருடம் சத்தியப்பிரமாணம் செய்து எங்கள் சட்டத்தரணிகள் அறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித்தரச் சொன்னார்கள். இப்படியானவற்றை வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு அந்த வயதில்லை. ஆனால் இனி நீதிமன்ற மேசையின் இந்தப் பக்கத்தில் எழுந்து நிற்க முடியாது என்ற அளவில் நானும் ஓய்வுபெறுகிறேன். இதுவரை பிணை கேட்டேன், பிணையை எதிர்த்தேன். இனி கொடுப்பதா விடுவதா என்று சொல்ல வேண்டிய கதிரை. அதனால் ஒரு பிணை விண்ணப்பத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

அரசாங்க வேலை எடுத்துத் தருவதாக ஏமாற்றிய வழக்குகள் உங்கள் கைக்குக் கெதியாக வந்து சேரும். பெரிய சட்டத்தரணிகள் அவற்றைச் சின்ன வழக்குகள் என்று நினைத்துப் புதியவர்களிடம் தள்ளிவிடுவார்கள். சட்டத்தைப் பார்த்தால் சின்னதுதான். பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு. ஓடிவிடுவார், சாட்சிகளைக் குழப்புவார், வெளியே வந்து அதே குற்றத்தை மறுபடி செய்வார் என்று காட்ட முடிந்தால் மட்டுமே உள்ளே வைக்கலாம். இதை நீங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள். ஏமாந்தவர்களே வந்து ஏமாற்றியவருக்குப் பிணை கொடுங்கள் என்று கேட்டால் என்ன செய்வது என்று ஒரு புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அந்த வழக்கின் சந்தேகநபரை எல்லோரும் ‘செயலாளர் ஐயா’ என்றே அழைத்தார்கள். எந்தச் சங்கத்துக்கு, எந்தக் காலத்தில் செயலாளராக இருந்தார் என்று நான் விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைச் சேர்ட், மடிப்புக் குலையாத காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனைகள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் இன்னாருக்கு இப்போது இடமாற்றம், இன்ன திணைக்களத்தில் இன்ன வெற்றிடம் என்று பத்திரிகையில் வருவதற்கு முன்பே சொல்வார். வெற்றிடம் உண்மையாகவே இருக்கும். அவர் சொன்ன வேறெதுவும் உண்மையில்லை.

நான் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் தோன்றினேன். அவர்களில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் அறிந்தால் போதும். ஒருவர் சின்னராசா அண்ணை. பருத்தித்துறை பஸ்ஸில் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். மகனின் வேலைக்காகக் காசு கொடுத்தவர். முதலில் பொலிசுக்குப் போனதும் அவர்தான். மற்றவர் தொண்டைமானாற்றுப் பக்கத்து முன்பள்ளி ஆசிரியை, சுகந்தி. முன்பள்ளியில் கிடைக்கும் கொடுப்பனவைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. அவருக்கு என்னைவிட ஓரிரு வயது கூட. ஆனாலும் என்னை ‘மிஸ்’ என்பார், நான் அவரை ‘ரீச்சர்’ என்பேன்.

சந்தேகநபர் விளக்கமறியல் சிறைக்குப் போய் இரண்டாம் தவணை வந்தது. அன்று காலை நான் நீதிமன்ற வளவுக்குள் நுழைந்தபோது என் கட்சிக்காரர்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். முகங்களைப் பார்த்ததும் ஏதோ பேசி முடித்துவிட்டு நிற்கிறார்கள் என்று விளங்கியது. சின்னராசா அண்ணைதான் தொடங்கினார்.

“தங்கச்சி, இண்டைக்கு ஒண்டும் எதிர்க்காதைங்கோ. ஆளை விடட்டும்.”

“ஏன் அண்ணை? நீங்கள்தானே முறைப்பாடு குடுத்தனீங்கள்?”

“குடுத்தனான்தான். கோவத்திலை குடுத்தது. ஆள் உள்ளுக்கை கிடந்தா மேலை போன பேர் எல்லாம் வெட்டுப்படுமாம். அவர் ஒராள்தான் அங்கை கதைக்கிறது. வேறை ஒருத்தருக்கும் வழி தெரியாது.”

“ஆர் சொன்னது?”

ஒரு பெண் மற்றப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு பின்னால் இருந்து ஒரு குரல், “வீட்டுக்காரி வந்தவ” என்றது. செயலாளர் ஐயாவின் மனைவி ஒவ்வொரு வீடாகப் போய் வந்திருக்கிறார். அழுதாவாம். அழுகையோடு அழுகையாக இந்தச் செய்தியையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சாட்சிகளைக் குழப்புவது என்றால் இதைவிட என்ன வேண்டும்? பிணையை மறுக்க இந்த ஒன்றே போதும். “இதை உள்ளுக்கை சொல்லுவியளோ?” என்று கேட்டேன்.

“ஐயோ, அந்த மனிசி பாவம்” என்றார் சின்னராசா அண்ணை. “அப்பிடி ஒண்டும் நாங்கள் சொல்லமாட்டம். கேட்டா வரேல்லை எண்டுதான் சொல்லுவம்.”

நான் சுகந்தியைத் தனியே கூப்பிட்டேன். அவர் மற்றவர்களைப் போல உறுதியாக நிற்கவில்லை. கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

“ரீச்சர், நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியளோ?”

“எனக்கு வேறை வழி இல்லை மிஸ். வாற மாதத்தோடை எனக்கு வயதெல்லை முடியுது. இதுதான் கடைசி.”

“இப்ப ஒரு ஆட்சேர்ப்பு அறிவிச்சிருக்கு. போட்டிப் பரீட்சை. அதுக்கு விண்ணப்பம் போட்டிட்டியளோ?”

“இல்லை. ஐயா போட வேண்டாம் எண்டவர். ரெண்டு இடத்திலை பேர் கிடந்தா ரெண்டும் வெட்டுப்படுமாம். முடிவு இந்த வெள்ளிக்கிழமை. அதுக்குள்ளை அவர் வெளியிலை வந்தா என்ரை அலுவலைப் பாத்துப்போடுவார்.”

அன்று புதன்கிழமை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். உங்களில் பலர் இப்போது பிணையை எப்படி எதிர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் யோசித்துக்கொண்டு படியேறினேன். இளம் சட்டத்தரணிகளுக்கு ஒரு நினைப்பு உண்டு. அயோக்கியன் உள்ளே இருந்தால் நியாயம் நடக்கிறது, வெளியே வந்தால் தோற்றுவிட்டோம் என்று. ஆனால் இந்த ஆளை உள்ளே வைத்தால் யாருக்கு என்ன கிடைக்கும்? சுகந்தி விண்ணப்பிக்கமாட்டார். ஐயா உள்ளே இருப்பதால்தான் வேலை கைநழுவிப் போனது என்று ஆயுள் முழுக்க நம்புவார். அதற்குக் காரணம் நான் என்றும் நம்புவார். வெளியே விட்டாலும் விண்ணப்பிக்கமாட்டார், ஐயா வந்துவிட்டாரே. சந்தேகநபரின் உடலை எங்கே வைப்பது என்பதைத்தான் பிணைச் சட்டம் பேசுகிறது. அவருடைய சொல் ஏற்கெனவே இவர்கள் வீடுகளுக்குள் இருந்தது. அதை விளக்கமறியலில் வைக்க ஒரு நீதவானாலும் முடியாது.

சந்தேகநபருக்காகத் தோன்றியவர், நான் பயிற்சி பெற்ற என் பழைய சீனியர். வாசலில் கண்டதும் சிரித்தார்.

“என்ன பிள்ளை, முகம் கறுத்துக் கிடக்கு? உன்ரை ஆக்களே விடச் சொல்லினம். எனக்கு இண்டைக்கு வேலை சுகம்.”

“அவையை அப்பிடிச் சொல்ல வைச்சது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ சேர்?”

“எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியாம இருக்கிறதுக்குத்தான் எனக்கு ஃபீஸ்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏறி நிக்காதை. உன்ரை ஆக்களும் காசு குடுத்து வழிமாறிப் போனவைதானே. கனக்கக் கிளறினா அவைக்கும் சேதாரம்” என்றார். மிரட்டலாகவும் எடுக்கலாம், அக்கறையாகவும் எடுக்கலாம். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

வழக்குக் கூப்பிடப்பட்டது. செயலாளர் ஐயா கூண்டுக்குள் வந்து நின்றார். வெள்ளைச் சேர்ட் கசங்கியிருந்தது, பேனைகள் இல்லை. சீனியர் எழுந்து தன் காரணங்களை அழகாக வைத்தார். நிரந்தர வதிவிடம் உண்டு. நீரிழிவு நோயாளி. புலன்விசாரணை பெரும்பாலும் முடிந்துவிட்டது. “எல்லாவற்றுக்கும் மேலாக, கனம் நீதவான் அவர்களே, முறைப்பாட்டாளர்கள் அனைவரும் இன்று மன்றில் பிரசன்னமாகியுள்ளனர். பிணை வழங்குவதற்கு அவர்களுக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.”

பின்வரிசை வாங்குப் பலகைகளில் இருந்து தலைகள் ஆடின. நீதவான் என்னைப் பார்த்தார். “பாதிக்கப்பட்டவர்கள் சார்பில்?”

எழுந்து நின்றேன். ஆட்சேபிக்க எனக்கு அறிவுறுத்தல் இல்லை. மனைவி வீடுவீடாகப் போனதைச் சொன்னால் என் கட்சிக்காரர்களே என்னைப் பொய்யாக்குவார்கள். ‘ஆட்சேபனை இல்லை’ என்று ஒரு வரியில் சொல்லி உட்கார்ந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். வாங்கில் சுகந்தி சேலைத் தலைப்பைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்க வேண்டாம் என்றுதான் இவர்கள் சொன்னார்கள், கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எனது கட்சிக்காரர்களின் அறிவுறுத்தலின்படி ஆட்சேபனை இல்லை, கனம் நீதவான் அவர்களே. ஒரேயொரு விளக்கம் மட்டும் வேண்டும். அவர்களுடைய சம்மதம் பிணைக்கான ஒரு காரணமாக மன்றின் முன் வைக்கப்பட்டிருக்கிறது. சந்தேகநபரால் தங்களுக்குக் கிடைக்க வேண்டிய நியமனங்கள் இன்னும் நிலுவையில் உள்ளன என்ற விளக்கத்தில்தான் அவர்கள் சம்மதிக்கிறார்கள். அப்படி ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்பதைக் கற்றறிந்த சட்டத்தரணி மன்றுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.”

சீனியர் பாய்ந்து எழுந்தார். சந்தேகநபர் எதையும் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்றார். சரியான வாதம்தான். நீதவான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனால் சம்மதத்தைக் காரணமாகக் கொண்டுவந்தவர் நீங்கள். அது எதில் நிற்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அல்லது அந்தக் காரணத்தை மீளப்பெறுங்கள்” என்றார்.

சீனியர் கூண்டருகே போனார். இருவரும் தலையைக் குனிந்து கதைத்தார்கள். செயலாளர் ஐயா ஒருமுறை பின் வாங்குகளைப் பார்த்தார். பிறகு சிறைச்சாலை உத்தியோகத்தரைப் பார்த்தார். தலையசைத்தார். நிலுவையில் இருக்கிறது என்றால் கூண்டுக்குள் நின்றே குற்றத்தைத் தொடர்கிறார். இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். எவர்தான் வீட்டைத் தெரிவுசெய்யமாட்டார்?

சீனியர் திரும்பி வந்து சொன்னார்: “எவருக்கும் அரச நியமனம் வழங்குவதற்கோ பெற்றுக்கொடுப்பதற்கோ சந்தேகநபருக்கு எவ்விதத் தத்துவமும் இல்லை என மன்றுக்குத் தெரிவிக்கின்றேன்.”

தட்டச்சு ஓடியது. எழுத்தில் கிடைத்துவிட்டது. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பீர்கள். நானும் பாதி உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து சின்னராசா அண்ணையின் குசுகுசுப்புக் காதில் விழுந்தது.

“என்னவாம்? தத்துவமோ? ஆள் என்ன சாமியாரோ?”

சட்டத் தமிழில் அதிகாரத்துக்குத் ‘தத்துவம்’ என்று பெயர். கட்டளைச் சட்டங்களில் நாளாந்தம் படித்துப் படித்து எங்களுக்கு அது சோறு, தண்ணீர் போல ஆகிவிட்டது. வாங்கில் இருந்தவர்களுக்கு அது பிரசங்கத்தில் வருகிற சொல். சீனியர் வேண்டுமென்றே அதைத் தெரிந்தெடுத்தாரா, பழக்கத்தில் வந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. எப்படியோ, உண்மை அந்த மண்டபத்துக்குள் சொல்லப்பட்டுவிட்டது. சொல்லப்பட வேண்டியவர்கள் ஒருவருக்கும் அது போய்ச் சேரவில்லை.

மறுபடி நிமிர்ந்தேன். “கனம் நீதவான் அவர்களே, பின்னால் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை.”

“உங்கள் கட்சிக்காரர்கள்தானே. வெளியில் போய் விளங்கப்படுத்துங்கள்” என்றார் சீனியர்.

“நான் சொன்னால் நம்பமாட்டார்கள்.”

யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. சீனியரைப் பார்த்து, பேச்சுத் தமிழிலேயே கேட்டார்: “இவரால வேலை எடுத்துத் தர ஏலாது. அப்பிடித்தானே?”

“அப்படித்தான், கனம் நீதவான் அவர்களே.”

“ஒருத்தருக்கும்?”

“ஒருவருக்கும்.”

நீதவான் கூண்டைப் பார்த்தார். செயலாளர் ஐயாவின் தலை குனிந்தது. பின் வாங்குகளில் ஒரு அசைவும் இல்லை. பிணை வழங்கப்பட்டது. காசுப் பிணை, இரண்டு பேரின் சரீரப் பிணை, கடவுச்சீட்டு ஒப்படைப்பு, சாட்சிகளுடன் எவ்வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்ற வழக்கமான நிபந்தனை.

தாழ்வாரத்தில் சீனியர் என் பக்கத்தில் வந்து நின்றார். “நீ கேட்டாய், நான் சொன்னன். பிணையும் எடுத்தாச்சு. பிறகேன் நான் தோத்த மாதிரிக் கிடக்கு?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்த நினைப்பு வேப்பமரம் வரைக்கும்தான். மரத்தடியில் சின்னராசா அண்ணை முகம் மலர்ந்து நின்றார்.

“நல்ல காரியம் தங்கச்சி. ஆள் வந்திடுவார்.”

“அண்ணை, உள்ளுக்கை சொன்னது விளங்கினதோ? அவராலை வேலை எடுத்துத் தர ஏலாது எண்டு அவரே ஒத்துக்கொண்டிட்டார்.”

“அது கோட்டுக்குச் சொன்னது” என்றார் அவர், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. “கோட்டிலை ஆர் மெய் சொல்லுறது? பிணை எடுக்கிறதெண்டா அப்பிடித்தானே சொல்ல வேணும். உங்களுக்குத் தெரியாததே?”

நான் பெரும்பாடுபட்டு வெளியே எடுத்த ஒரு வரி, மன்றின் பதிவில் ஏறிய வரி, அவர் கையில் செல்லாக்காசாகக் கிடந்தது. அவரைப் பிழை சொல்லவும் முடியவில்லை. நீதிமன்றத்துக்குள் நடப்பது ஒரு தனிப் பேச்சு, வெளியே நடப்பதுதான் வாழ்க்கை என்று எங்கள் சனம் நினைப்பதற்கு எங்கள் தொழிலும் ஒரு காரணம். தத்துவம், ஆட்சேபனை, பிரசன்னம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் வேறென்ன நினைப்பார்கள்?

பிணையாளர்கள் ஒப்பமிட்டு முடிந்து செயலாளர் ஐயா மதியம் திரும்பும் நேரத்தில் வெளியே வந்தார். மனைவி பேனை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், அது ஏற்கெனவே சட்டைப்பையில் ஏறிவிட்டது. வேப்பமரத்தைக் கடக்கும்போது நடையைக் குறைத்தார். ஒருவரையும் பார்க்காமல், காற்றுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “கோட்டுக்கு ஒரு கதை சொல்லத்தான் வேணும். எல்லாருக்கும் விளங்கும்தானே.”

நான் இரண்டு அடி தள்ளி, மரத்தின் மறுபக்கத்தில் நின்றேன். பிணை கிடைத்து மை காயமுன் நிபந்தனையை மீறியாயிற்று. ஓடிப்போய் மன்றில் சொன்னால் அன்று பின்னேரமே மறுபடி உள்ளே அனுப்பியிருக்கலாம். என் கால் திரும்பியும்விட்டது. ஆனால் அப்படி அனுப்பினால் இவர்கள் கண்ணில் அவர் தங்களுக்காகச் சிறை போன மனிதர் ஆகிவிடுவார். வெள்ளிக்கிழமையும் போய்விடும். நான் நின்றுகொண்டேன். அது சரியா என்று நீங்கள் விவாதியுங்கள். எனக்கு இன்னும் முழு விடை இல்லை.

சுகந்திதான் முன்னுக்குப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, என்னிடம் ஆலோசனை கேட்கவும் இல்லை.

“ஐயா, ஒண்டு கேக்கட்டோ?”

“சொல்லும் பிள்ளை.”

“அந்தப் பரீட்சைக்கு வெள்ளிக்கிழமை முடிவு. நான் போடலாமோ?”

அவர் வாயைத் திறந்தார். அப்போதுதான் என் கறுப்புக் கோட் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். போட வேண்டாம் என்றால் அதைக் கேட்க ஒரு சட்டத்தரணி நிற்கிறார். போடச் சொன்னால் இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் கலைந்துபோகும். சட்டைப்பையில் இருந்த பேனையைச் சரிசெய்தார்.

“அது… உம்மடை விருப்பம் பிள்ளை.”

சுகந்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு முன்பள்ளிப் பிள்ளை விளையாட்டுச் சாமானை ஒளித்துவிட்டு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும்போது ஆசிரியர் பார்ப்பாரே, அப்படி.

“இண்டுவரைக்கும் என்ரை விருப்பமெண்டு நீங்கள் ஒருக்காலும் சொன்னதில்லை ஐயா” என்றார், மெதுவாகத்தான்.

செயலாளர் ஐயா மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். சின்னராசா அண்ணை அவருக்குக் கையசைத்தார். அண்ணையின் மகன் இன்றும் வேலைக்குக் காத்திருக்கிறான், அண்ணை என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறார். வழக்குத் தவணை தவணையாகப் போகிறது. சுகந்திக்கு வேலை கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். அதை இங்கே எழுதமாட்டேன். இந்தக் கதையை எழுத அவரிடம் அனுமதி கேட்டபோது, அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

அன்று ஓட்டோ போன பிறகு சுகந்தி என்னிடம் வந்தார். கண் கலங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன், கோபமாகத்தான் இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. என்மேலும் கொஞ்சம் இருக்கலாம்.

“விண்ணப்பத்திலை கையெழுத்தை ஆர் அத்தாட்சிப்படுத்த வேணும் மிஸ்?”

“அதிபர், சமாதான நீதவான், சட்டத்தரணி. ஆரும் ஒராள்.”

“நீங்கள் போட்டாக் காணுமோ?”

“காணும்.”

எதிரே இருந்த ‘கொமினிக்கேசன்’ கடைக்குப் போய்ப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தார். தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் தாளை விரித்து நிரப்பினார். பிறந்த திகதி எழுதும் இடத்தில் மட்டும் பேனை சற்று நின்றது. கடைசிப் பக்கத்தில் கையொப்பம் இட என் பேனையைக் கேட்டார். அவருடையதில் மை முடிந்துபோயிருந்தது. விண்ணப்பதாரியை எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும், அவர் என் முன்னிலையில் தனது கையொப்பத்தை இட்டார் என்ற வரியை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அந்த வரியில் ஒரு சொல்லும் மிகையில்லை. கீழே என் பெயரை எழுதி முத்திரையைக் குத்தினேன்.